சாப்பாட்டு நெல்லில் அந்து: மருந்து அடிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். சம்பா அறுவடைக்குப் பின் வீட்டுத் தேவைக்காக 20 மூட்டை நெல்லையும் விதைக்காக 2 மூட்டையையும் கொல்லைப்புற அறையில் அடுக்கி வைத்திருக்கிறோம். இப்போது மூட்டையைத் தட்டினால் வைக்கோல் நிறத்தில் அந்து பறக்கிறது. மணிகளில் சிறு துளைகளும் தெரிகின்றன. மாலத்தியான் என்ற பூச்சிமருந்தை நெல்லின் மேலேயே தெளிக்கலாம் என்கிறார் ஒருவர். நச்சு வாயு விடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

மறுமொழி 1:
இரண்டுமே வேண்டாம். அந்தின் புழு நெல்மணிக்குள்ளேயே இருந்து தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, பிறகுதான் பூச்சியாக வெளியேறுகிறது என்பதால், மேலே தெளிக்கும் மருந்து உள்ளிருக்கும் புழுவைத் தொடாது. உங்கள் சோற்றில்தான் சேரும். தெளிப்பு மருந்து சுவருக்கும் தரைக்கும் உரியது. மூட்டைகளை வெளியேற்றி, இடுக்குகளில் கிடக்கும் பழைய மணிகளைக் கூட்டி அகற்றிய பின், மாலத்தியான் 50 ஈ.சி. (நீரில் கலக்கும் 50 விழுக்காட்டுத் திரவம்) மருந்தை லிட்டருக்கு 10 மி.லி. வீதம் கலந்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கரைசல் தெளித்து உலரவிடுங்கள். சுண்ணாம்பு பூசிய சுவராக இருந்தால் மாலத்தியான் விரைவில் சிதைந்துவிடும். அங்கே டெல்டாமெத்ரின் 2.5 விழுக்காடு நனையும் தூளை (நீரில் கலக்கும் தூள்) லிட்டருக்கு 40 கிராம் கலந்து அதே அளவில் தெளிப்பது மேல்.

மறுமொழி 2:
மாத்திரையைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. 3 கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து ஏறக்குறைய 1 கிராம் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடுகிறது. அது மணிக்குள் இருக்கும் புழுவையும் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் கிடங்குகளில் அடுக்கு முழுவதையும் வாயு புகாத உறையால் மூடி, விளிம்புகளில் மணல் பைகளை அழுத்தி, குறைந்தது 7 நாள் வைத்திருக்கிறார்கள். சாக்கின் வாயைக் கட்டினால் வாயு நிற்காது. பக்கத்து அறையில் உறங்குபவர்களிடம்தான் போகும், அந்த நஞ்சுக்கு முறிவு மருந்தும் கிடையாது. போதாத அளவு வாயுவில் தப்பும் பூச்சிகள் எதிர்ப்புத்திறன் பெறுவது வேறு. சிவப்பு மாவு வண்டிலும் தானியத் துளைப்பானிலும் இது இந்தியாவிலேயே பதிவாகியிருக்கிறது. பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட மருந்தைக் கடையில் எளிதாகக் கொடுக்கிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் இப்போதிருக்கும் மூட்டைகளை என்ன செய்வது?

மறுமொழி 1:
துளை மிகுந்த மூட்டைகளை உடனே அரைவைக்கு அனுப்பிவிடுங்கள். மற்றவற்றை நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பி, ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை காயவைத்து, தூற்றி, ஆறிய பிறகு கட்டுங்கள்; சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து, காயவைத்த பயன் போய்விடும். பழைய சாக்குகளைக் கொதிநீரில் முக்கி, உலர்த்திய பிறகே மீண்டும் பயன்படுத்துங்கள். அடுக்கும்போது சுவரை ஒட்டாமல் மரச்சட்டங்களின் மேல் அடுக்குங்கள்.

மறுமொழி 3:
விதை நெல்லுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கிளர்வூட்டிய (உறிஞ்சும் திறன் கூட்டிய) களிமண் தூளைக் கலந்து வைக்கலாம். அது பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்கிறது. காயவைக்கும்போது உச்சி வெயிலைத் தவிர்த்தால் முளைப்புத்திறன் கெடாது.