டபிள்யூ9 மட்டும் வரவில்லை, யாராவது உதவுங்கள்

வணக்கம். பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறோம். ரீவிக்குக் கூரை அன்ரெனாதான், இன்ரநெட் பெட்டி இல்லை. மூன்று நாளாக 9ஆம் இலக்கத்தில் டபிள்யூ9 வரவில்லை. முதலில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, இப்போது சிக்னல் இல்லை என்று காட்டுகிறது. அம்மா காலையில் அதில் போகும் பாட்டுகளைப் பார்த்துத்தான் பிரெஞ்சு பழகுகிறா. 2025 பெப்ரவரி 28இல் சி8, என்ஆர்ஜே12 நின்றுபோனது போல இதையும் மூடிவிட்டார்களோ என்று கவலைப்படுகிறா.

மறுமொழி: மூடவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். அந்த இரண்டுக்கும் உரிமம் புதுப்பிக்கப்படாததால்தான் நின்றன. டபிள்யூ9 எம்6 குழுமத்தின் சானல், 2005 மார்ச்சில் தொடங்கியது. எம்6 என்பதைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், அதன் பெயர் வந்துவிடும். 2025 ஜூனில் பல சானல்களின் இலக்கம் மாறியபோதும் இது 9இலேயே இருந்தது. சரி, 6ஆம், 22ஆம் இலக்கங்கள் வருகின்றனவா?

கேட்டவர்: இல்லை அண்ணை, இரண்டும் வரவில்லை! டிஎஃப்1, பிரான்ஸ் 2 எல்லாம் தெளிவாக வருகின்றன. சானல் தேடலை இரண்டு முறை ஓடவிட்டேன்.

மறுமொழி: அப்படியென்றால் ரீவியில் பழுது இல்லை. எம்6, டபிள்யூ9, 22இல் வரும் சிஸ்தெர் மூன்றும் ஆர்4 என்ற ஒரே தொகுப்பில், ஒரே அலைவரிசையில் வருகின்றன. அது பலவீனமானால் மூன்றும் சேர்ந்தே போகும். பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லை என்றால் கூரையில் கோளாறு, கட்டிட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்களுக்கு வந்தால் உங்கள் சுவரிலிருந்து ரீவிக்கு வரும் வயரைப் பாருங்கள். தொடுப்பு சரியில்லாவிட்டால் எல்லா அலைவரிசையும் ஒரே அளவாகக் குறையாது, சிலது மட்டும் விழும்.

இன்னொருவர்: அதுவரை அம்மாவுக்குப் போனில் எம்6+ செயலியைப் போட்டுக் கொடுங்கள். கணக்குத் திறந்தால் டபிள்யூ9 நேரலை இலவசம். முன்பு 6ப்ளே என்று இருந்தது, 2024இல் பெயர் மாறியது.

கேட்டவர்: பக்கத்து வீட்டில் நன்றாக வருகிறது. அலுமாரியை இழுத்துவிட்டு செருகியைத் திருகித் திறந்தேன். நடுச் செப்புக் கம்பி உள்ளே இழுபட்டு முனையில் பட்டும் படாமலும் இருந்தது. போன கிழமை அலுமாரியை நகர்த்தியபோது நடந்திருக்க வேண்டும். நுனியை வெட்டிச் சீவி, திரும்ப இறுக்கித் தேடவிட்டேன். 6, 9, 22 மூன்றும் வந்துவிட்டன. மிக்க நன்றி அண்ணை, அம்மா இப்போதே ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டா.