எரிவாயுப் பயன்பாட்டைக் குறைத்தோம். தெர்ம் விலை ஏன் கூடியது?

வடகலிபோர்னியாவாசி கேட்கிறார்:

சென்ற ஆண்டு பரணில் வெப்பக்காப்புப் பஞ்சு அடைத்து, சன்னல் இடுக்குகளை மூடி, வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸையும் மாற்றினோம். குளிர்காலப் பயன்பாடு கால்பங்கு குறைந்தது. கட்ட வேண்டிய தொகையும் குறைந்தது. ஆனால் ஒரு தெர்முக்கான (எரிவாயுவை அளக்கும் வெப்ப அலகு) விலை கூடியிருக்கிறது. ‘பொதுநோக்குத் திட்டங்கள்’ என்றும் ஒரு கட்டணம் இருக்கிறது. சிக்கனமாக இருக்கச் சொல்லும் நிறுவனமே விலையை ஏற்ற, அதைக் கண்காணிக்கும் மாநில ஆணையம் எப்படி ஒப்புகிறது?

கணக்குப்பிள்ளை:

பில்லில் இரண்டு வேறு விலைகள் உள்ளன. எரிவாயுவின் விலை சந்தையைப் பொறுத்தது; உற்பத்தி விலை மீதான கூட்டரசின் கட்டுப்பாடு 1993 தொடக்கத்தில் முழுமையாக நீங்கிவிட்டது. நிறுவனம் வாங்கிய விலையையே, இலாபம் சேர்க்காமல், மாதந்தோறும் நம்மிடம் கடத்துகிறது. 2023 சனவரியில் பில் எகிறியது இந்தப் பகுதியால்தான்.

மற்றது, குழாய்கள், மீட்டர்கள், பணியாளர்கள் ஆகியவற்றுக்கான கட்டணம். மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் தீர்மானிப்பது இதைத்தான். இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ‘ரேட் கேஸ்’ விசாரணையில், இயக்கச் செலவு, தேய்மானம், வரி ஆகியவற்றோடு, முதலீட்டின் மீது நியாயமான வருவாயையும் கூட்டி, நிறுவனம் ஈட்டலாகும் மொத்த வருவாயை ஆளுநர் நியமித்த ஐந்து ஆணையர்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். நிறுவனத்தின் இலாபம் குழாயில் போட்ட பணத்தின் மீதுதான்.

பழைய உலை:

கேள்வியின் முடிச்சு அந்த ‘மொத்த வருவாய்’ என்ற சொல்லில் இருக்கிறது. விற்ற ஒவ்வொரு தெர்முக்கும் வருவாய் என்றிருந்தால், வாடிக்கையாளர் சிக்கனமாக இருப்பதை எந்த நிறுவனமும் மனதார விரும்பாது. ஆகவே 1978 இலேயே கலிபோர்னியா எரிவாயு நிறுவனங்களின் வருவாயை விற்பனை அளவிலிருந்து பிரித்துவிட்டது. மின்சாரத்துக்கு இது 1982 இல்தான் வந்தது. இதை டீகப்ளிங் என்பார்கள்.

எளிய கணக்கு ஒன்று: அனுமதித்த வருவாய் 10 கோடி டாலர், எதிர்பார்த்த விற்பனை 10 கோடி தெர்ம் என்றால், தெர்முக்கு ஒரு டாலர். எல்லாரும் சேர்ந்து 8 கோடியாகக் குறைத்தால், குழாயின் செலவு குறையாததால், விலை 1.25 டாலராகும். விற்பனை கூடினால் மிகுதி நமக்கே திரும்பும். உங்கள் வீட்டுச் சிக்கனம் மட்டும் விலையை ஏற்றிவிடவில்லை. குழாய்களைப் புதுப்பிக்கும் செலவும் அதில் இருக்கிறது.

பொதுநோக்குக் கட்டணத்துக்கு 2000 ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படை. குறைந்த வருமானத்தினருக்கான கேர் சலுகை, சேமிப்புத் திட்டங்கள், ஆய்வு ஆகியவற்றுக்கு அது போகிறது. உங்கள் ஃபர்னஸுக்குத் தள்ளுபடி வாங்கியிருந்தால், அது அண்டை வீட்டாரின் பணமும்தான்!

வாடகைவீட்டுக்காரி:

கணக்கு சரி, ஆனால் அதன் சுமை யார் மேல் விழுகிறது என்பதை விட்டுவிட்டீர்கள். கேள்வி கேட்டவருக்கு விலை கூடினாலும் பில் குறைந்தது. பரணும் ஃபர்னஸும் வீட்டு உரிமையாளருடையவை என்பதால், என்னைப் போன்றவர்களுக்கு விலை மட்டும் கூடுகிறது. வசதியுள்ளோர் முழுவதும் மின்சாரத்துக்கு மாறிவிட்டால், அதே குழாயின் செலவை எஞ்சியவர்கள் பங்கிட வேண்டும். புதிய வீடுகளுக்குக் குழாய் நீட்டத் தந்த சலுகையை 2022 இல் ஆணையம் நிறுத்த முடிவெடுத்தது சுமை மேலும் பெருகாமல் தடுக்கும்; ஏற்கெனவே புதைத்த குழாய்களின் கடனுக்கு அதில் விடையில்லை.

பழைய உலை:

ஒப்புக்கொள்கிறேன் அம்மா, என் விளக்கத்தில் அது விடுபட்டது. வருமான வரம்புக்குள் இருந்தால் கேர் திட்டத்தில் எரிவாயுக் கட்டணத்தில் 20 விழுக்காடு கழிவு உண்டு. வெப்பக்காப்பு முதலியவற்றை இலவசமாகச் செய்து தரும் திட்டத்துக்கு வாடகைக்கு இருப்போரும் விண்ணப்பிக்கலாம். உரிமையாளரின் இசைவு வேண்டியிருக்கும். வரம்புக்குச் சற்று மேலே இருப்பவர்களுக்கு இவை உதவுவதில்லை என்பதே என் மனக்குறை.

வடகலிபோர்னியாவாசி:

நன்றி. தள்ளுபடி வாங்கியவன் நானும்தான். அடுத்த ரேட் கேஸில் பொதுமக்கள் பேச இடமுண்டா?

கணக்குப்பிள்ளை:

உண்டு. பொதுக் கருத்துக் கூட்டங்களில் பேசலாம். வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு ஆணையத்தின் இணையதளத்தில் எழுதியும் போடலாம். ஆணையத்துக்குள்ளேயே நுகர்வோர் தரப்பை வாதாடும் தனி அலுவலகமும் இருக்கிறது. நிறுவனம் கேட்ட தொகையையும் அந்த அலுவலகம் பரிந்துரைத்த தொகையையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டுப் பேசினால், எதை வெட்டச் சொல்ல வேண்டும் என்பது தெரியும்.