அப்பாவின் நோட்டுகளுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த அப்பா, இங்கே தேயிலை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இரவில் நோட்டில் நாலு வரி எழுதிவிட்டுத்தான் படுப்பார். அதிலிருந்து முப்பது பக்கம் எடுத்து, வருஷத் திதிக்குச் சின்னப் புத்தகமாக அச்சிடுகிறோம்.

அட்டையில் தங்கை ‘எக்ஸர்ப்ட்ஸ்’ என்று போட்டிருக்கிறாள். ஒருவர் எழுதியதிலிருந்து அப்படியே எடுத்த பகுதிகள் என்று அர்த்தம். பொருள் சரிதான். சுருக்கம் என்றால் நம் வார்த்தையில் சொல்வது. இது அவர் வார்த்தை, ஓர் எழுத்தும் மாறாமல். லத்தீனில் இதன் வேருக்குப் ‘பறித்தெடுப்பது’ என்று பொருளாம். அகராதியில் அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளியே எங்களை வளர்த்தவர்.

தமிழில் என்ன போடலாம்? ‘மேற்கோள்’ ஒட்டவில்லை, அது ஒரு கருத்துக்குத் துணையாகக் காட்டுவது. ‘சில பகுதிகள்’ சப்பென்று இருக்கிறது. ‘திரட்டு’ எனக்குப் பிடிக்கும். முத்தொள்ளாயிரப் பாட்டுகளில் பெரும்பாலானவை நமக்கு மிஞ்சியதே புறத்திரட்டு என்ற பழைய தொகுப்பு நூல் எடுத்து வைத்ததால்தான். ஆனால் திரட்டு என்பது பலருடையதைச் சேர்ப்பது. ‘பறித்தவை’ என்றால் பிடுங்கிக்கொண்டது போலத் தோன்றுமோ?

அப்புறம் இன்னொன்று. “உறைபனி. கொழுந்து கருகிவிட்டது. பெரியவளுக்குக் காய்ச்சல்” என்று ஒரு பக்கம். நடுவில் இருந்த கடன் விவரத்தை எடுத்துவிட்டோம். அங்கே மூன்று புள்ளி வைத்துக் காட்ட வேண்டும்தானே? வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.