கம்பஸில் பதிவை ரத்துச் செய்துவிட்டார்கள், தம்பி திரும்பப் படிக்க வழி இருக்கிறதா?

உப்புவெளி அக்கா:
வணக்கம், தம்பிக்காகக் கேட்கிறேன். வெளி மாவட்டக் கம்பஸ் ஒன்றில் விஞ்ஞான பீடத்தில் படித்தான். முதல் வருடம் பிழையில்லை. பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து கடலுக்குப் போவது நின்றது, அதோடு இவன் சீசன் தொடங்கினால் நிலாவெளியில் ஹோட்டல் வேலைக்கு வந்துவிடுவான், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை, வரவு குறைந்து சில பாடங்களுக்குச் சோதனை எழுதவே விடவில்லை, எழுதியதிலும் ரிப்பீட் ஏறிக்கொண்டே போனது. இப்போது பதிவுத் தபாலில் கடிதம் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அம்மா அதைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு யாருக்கும் காட்ட விடுகிறார் இல்லை. சனம் கேட்டால் லீவு என்கிறோம். தம்பி பகலில் வெளியே வருவதில்லை, ஆனால் இரவில் பழைய கணிதக் கொப்பியை எடுத்து வைத்துச் செய்துகொண்டிருக்கிறான். அதே கம்பஸுக்குப் போகலாமா, இல்லை திரும்ப ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுத வேண்டுமா?

பழைய பரீட்சைக் கிளை:
தங்கச்சி, முதலில் கடிதத்தை எடுத்துத் தம்பி கையில் கொடுங்கள். 'நிப்பாட்டிவிட்டார்கள்' என்று நாங்கள் பொதுவாகச் சொன்னாலும் உள்ளே விஷயம் வேறு வேறு. அடுத்த வருடத்துக்கு ஏறவிடாமல் நிறுத்தியதா, பதிவைப் புதுப்பிக்காததால் பெயர் விழுந்ததா, பட்டம் முடிக்கக் கொடுத்த உச்சக் காலம் கடந்து பதிவையே ரத்துச் செய்ததா? முதல் இரண்டையும் பெரும்பாலும் சரிசெய்யலாம். மூன்றாவது கஷ்டம்தான், ஆனாலும் பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவைக்கு முறையீடு போகும், சிலருக்கு கிரேஸ் சான்ஸ் என்று மேலதிக வாய்ப்பு கிடைத்ததைக் கண்டிருக்கிறேன்.

முறையீட்டில் பலர் அழுது எழுதுவார்கள். வாசிப்பவருக்கு இரக்கம் வரும், ஆனால் முடிவெடுக்க அதில் ஒன்றும் இராது. அப்பாவை வாட்டில் மறித்த திகதி, டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, அந்தக் கிழமையில் நடந்த சோதனை, இதெல்லாம் திகதிப்படி பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். அதைவிட முக்கியம் இனி என்ன மாறியிருக்கிறது என்பது: வீட்டுச் செலவை யார் பார்ப்பது, சீசன் நேரத்தில் அவன் எங்கே இருப்பான்? இது இல்லாத முறையீடு பாதிதான். பீடாதிபதி ஊடாக அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் பிரதியில் சீல் வாங்காமல் வரவேண்டாம்.

காரணம் தெளிவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். ஆனால் முறையீட்டுக்குக் கடைசித் திகதி போட்டிருந்தால் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கவே கூடாது.

ஏ.எல். யோசனையை விடுங்கள். அனுமதிக்கு மூன்று தரம்தான் கணக்கு, அதோடு ஒருமுறை உள்வாரியாக, அதாவது கம்பஸுக்குள்ளேயே படிக்க, பதிந்தவரைத் திரும்ப எடுப்பதில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மிகவும் இறுக்கம்.

மூதூர் பொடியன்:
அக்கா, நானும் இரண்டாம் வருடத்தோடு வெளியே வந்தவன். என் முறையீடு சரிவரவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் பதிந்து, கடையில் நின்றுகொண்டே படித்தேன். அதில் எனக்குப் பிடித்தது, முதல் வருடத்துப் பாடங்களை முடித்தால் டிப்ளோமா, இரண்டாவதை முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றோடு பட்டம், அதாவது வீட்டு நிலைமை மோசமாகி இடையில் நிற்கவேண்டி வந்தாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும். தம்பி மாதிரி ஆட்களுக்கு அது பெரிய விஷயம்.

கணிதம்தான் வேண்டும் என்றால் திறந்த பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலையம் இருக்கிறது, வருடத்துக்கு எத்தனை பாடம் எடுப்பது என்பதை ஓரளவுக்கு நாங்களே கூட்டிக் குறைக்கலாம். எந்த வழிக்குப் போனாலும் பழைய கம்பஸிலிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் எடுத்து வையுங்கள், சித்தியடைந்த பாடங்களுக்கு விலக்குக் கேட்க அதுதான் ஆதாரம்.

ஒரு தாய்:
மகள், அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் மறைத்தோம், பிள்ளை தான் ஒரு வெட்கக்கேடு என்று நினைக்கத் தொடங்கிவிட்டான். லீவு என்று சொல்வதை விட்டுவிட்டு, திரும்பப் படிக்கப் பார்க்கிறான் என்று சொல்லுங்கள். அறைக்குள்ளேயே இருந்தால், சாப்பாடு நித்திரை குறைந்தால், 1926க்கு எடுத்துப் பேசுங்கள், அது அரசாங்கத்தின் மனநல உதவி இலக்கம். முறையீட்டு வேலை முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உப்புவெளி அக்கா:
எல்லோருக்கும் நன்றி. தம்பியே கடிதத்தை வாசித்தான், இரண்டாவது வகை, பதிவைப் புதுப்பிக்கவில்லை என்றுதான் போட்டிருக்கிறது. முறையீட்டுக்கும் நாள் இருக்கிறது. விடுதிக் காசு பாக்கி, நூலகப் புத்தகம் ஒன்றும் இவனிடம். அதனால் பிரச்சினை வருமா?

பழைய பரீட்சைக் கிளை:
அப்படியென்றால் நல்லது. பாக்கியைக் கட்டி, புத்தகத்தைக் கொடுத்து, ரசீதுகளின் பிரதியையும் முறையீட்டோடு இணைத்துவிடுங்கள். போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், துறைத்தலைவரிடம் அவனே பேசவேண்டும். மகாபொல புலமைப்பரிசில் நின்றிருந்தால், திரும்பப் பதிந்த பிறகு அது தொடருமா என்று நலன்புரிக் கிளையில் அன்றைக்கே கேளுங்கள், இன்னொரு பஸ் செலவு மிச்சம்.