சம்பந்தியம்மா வர்ற நேரத்துல ஏப்ரல் 24 வருது, என்ன செய்யலாம்?

குருசுக்குப்பம்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு மார்சேல்ல இருக்கா. மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரர், பூர்வீகத்துல ஆர்மீனியர். அவரோட அம்மா என் பொண்ணோட முதல் தடவையா புதுச்சேரி வர்றாங்க. நேத்து போன்ல பொண்ணு சொன்னா, "24ஆம் தேதி மட்டும் பாயசம், பட்டுப்புடவைன்னு அமர்க்களம் பண்ணிடாதேம்மா. அவங்க ஜனங்களைக் கொன்னதை நினைச்சுக்கிற நாள்"னு. 1915ல துருக்கியில நடந்ததாம். சம்பந்தியம்மாவோட பாட்டி ஒன்பது வயசுல நடந்தே சிரியாவுல இருக்கிற அலெப்போவுக்கு வந்து, அநாதை இல்லத்துல வளர்ந்து, அப்புறம் கப்பலேறி மார்சேல் வந்தவங்களாம்.

எங்க வீட்டுல திதின்னா வாசல்ல கோலம் கிடையாது, வாழைக்காய் சமைச்சு காக்காய்க்கு வைப்போம். அவங்க வழக்கம் என்ன? பொண்ணைக் கேட்டா "சும்மா இரு, போதும்"ங்கிறா. சும்மா இருக்க நம்மால முடியுதா!

திருப்பாதிரிப்புலியூர்_வாத்தியார்:
அம்மா, 24 செத்த தேதி இல்லை. அன்னிக்கு ராத்திரி கான்ஸ்டான்டிநோபிள்ல, அதாவது இன்னிக்கு இஸ்தான்புல்ல, ஆர்மீனிய எழுத்தாளர், பத்திரிகைக்காரர், பாதிரியார்னு இருநூறு பேருக்கு மேல பிடிச்சாங்க. பெரும்பாலானவங்க திரும்பலை. கோமிதாஸ்னு ஒரு சாமியார், நாட்டுப்பாட்டு சேகரிச்சவர், உயிரோட வந்தார். ஆனா மனசு கலங்கிப்போய் 1935ல பாரிஸ் ஆஸ்பத்திரியில செத்தார்.

அதுக்கப்புறம் ஊர் ஊரா நடந்துச்சு. உத்தரவு போட்டது உள்துறை அமைச்சர் தலாத் பாஷா. ஆம்பளைங்களைப் பிரிச்சுக் கொன்னுட்டு, பொம்பளைங்க, குழந்தைங்க, கிழவங்களை சிரியா பாலைவனம் பக்கம் நடக்க விட்டாங்க. ஆர்மீனியர் சொல்ற கணக்கு 15 லட்சம். யார் எந்தத் தேதியில எந்த வழியில விழுந்தாங்கன்னு குறிச்சு வைக்க ஆள் ஏது? அதான் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நாள். தேதி தெரியாதவங்களுக்கு நாம மகாளய அமாவாசையில கொடுக்குறோமே, அது மாதிரி.

ஒண்ணு கவனம். "ஆத்மா சாந்தியடையட்டும்"னு சொல்லிடாதீங்க. 2015ல அவங்க திருச்சபை அந்த ஜனங்களைப் புனிதர்களா அறிவிச்சிடுச்சு. இப்போ அவங்களுக்காக ஜெபிக்கிறதில்லை, அவங்ககிட்ட வேண்டிக்கிறாங்க.

லாஸ்பேட்டை_ராஜா:
துருக்கி இதை இனப்படுகொலைன்னு ஒத்துக்கலையே சார். போர்ல ரெண்டு பக்கமும் செத்தாங்கன்னுதானே சொல்றாங்க?

திருப்பாதிரிப்புலியூர்_வாத்தியார்:
சொல்றாங்க தம்பி. போர்முனைக்கு எத்தனையோ தூரத்துல இருந்த ஊர்க் குழந்தைங்களையும் எதுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனாங்கன்னு கேளுங்க. பிரான்ஸ் 2001ல இனப்படுகொலைன்னே ஒரு வரியில சட்டம் போட்டுடுச்சு. அந்தம்மா முன்னாடி இந்த வாதம் வேண்டாம்.

சொல்தா_வீட்டுப்_பேரன்:
1962ல புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ எங்க தாத்தாவுக்குப் பிரெஞ்சா இந்தியனான்னு யோசிக்க ஆறு மாசம் கொடுத்தாங்க. வீட்டுல அதுக்கே தினம் சண்டையாம். துருக்கியை விட்டுக் கிளம்பின ஆர்மீனியர் நிறைய பேரோட காகிதத்துல 'திரும்பி வர முடியாது'ன்னே முத்திரை.

முடிஞ்சா சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்க. பாரிமுனையில ஆர்மீனியர் கோயில் இருக்கு, 1772ல கட்டினது. ஆர்மீனியன் தெருவை நம்மாளுங்க 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிட்டது தனிக் கதை. உலகத்தோட முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794ல அச்சானதும் சென்னையிலதான். சம்பந்தியம்மாவுக்கே தெரியாம இருக்கலாம்.

அப்புறம், நூறாம் வருஷத்துக்கு அவங்க வெச்ச சின்னம் ஒரு ஊதாப் பூ.

குருசுக்குப்பம்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு 25. நேத்து காலையில கோலம் போடலை. சம்பந்தியம்மா அக்கம்பக்கத்து வாசலையெல்லாம் பார்த்துட்டு ஏன்னு கேட்டாங்க. பொண்ணு சொன்னதும் அப்படியே வாசப்படியில உட்கார்ந்துட்டாங்க, எழுந்திருக்க வெகு நேரமாச்சு.

சாயங்காலம் காந்தி சிலை பக்கம் கடற்கரைக்குப் போனோம். கொல்லையில பூத்த சங்குப்பூ ஒரு கை எடுத்துக்கிட்டேன். பாறை மேல நின்னு ஒவ்வொரு பேரா சொல்லித் தண்ணியில போட்டாங்க. பாட்டியோட அம்மா, அப்பா, ரெண்டு அத்தை. ஒரு பூ கையிலயே நின்னுடுச்சு. வழியில தவறின தம்பி ஒருத்தன் உண்டாம். அவன் பேரைப் பாட்டி கடைசி வரைக்கும் சொல்லலையாம், 'சின்னவன்'னு மட்டும்தானாம்.

அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு என்னைக் கேட்டாங்க. சொல்லிக் கொடுத்தேன்.