முதல் பீர்: ஒரு குமிழிகூட வரவில்லை

காய்ச்சிய அன்று எனக்குப் பயமே இல்லை. மறுநாள் காலையில்தான் வந்தது. மூடியில் செருகியிருந்த ஏர்லாக்கில் (உள்ளே உண்டாகும் வாயுவைத் தண்ணீர் வழியே குமிழியாக வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு பிளாஸ்டிக் குழாய்) ஒரு குமிழிகூட இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். முதல் தடவைக்கு 5 லிட்டர் போதும் என்று முடிவெடுத்தேன். முளைகட்டிய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைக்கும் வேலைக்கெல்லாம் போகவில்லை. அந்த வேலையை முடித்தே விற்கும் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றுப் பொடி 650 கிராம் எடுத்து, ஆறரை லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றினேன். கொதி வரும்போது நுரை திரண்டு வந்தது, தீயைக் குறைத்ததும் அடங்கியது. இனி பொங்காது என்று நினைத்து, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸை 8 கிராம் கொட்டினேன். கொட்டிய மறு நொடி பாத்திரமே பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஆறினால் அது பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஹாப்ஸின் கசப்பு நன்றாக இறங்க ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். மணம்தான் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் எடுத்துக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட வேண்டும், முன்பே போட்டால் ஆவியோடு போய்விடும். நான் இரண்டாவதைச் செய்யவில்லை, மறந்துவிட்டேன்.

பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவர நாற்பது நிமிடம் பிடித்தது. ஆறிய பிறகு அதில் படும் கரண்டி, குழாய், வாளி எல்லாவற்றையும் கிருமிநாசினியில் முக்கி எடுத்தேன். வாளியில் ஊற்றி அளந்தால், ஹைட்ரோமீட்டர் 1.048 காட்டியது. அது திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். ஈஸ்ட்டைத் தூவி மூடினேன்.

அப்புறம்தான் அந்தக் குமிழி நாடகம். முதல் நாள் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டது, சூட்டோடு போட்டுவிட்டேன் போல என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால், வாளியின் உள்சுவரில் பழுப்பு நிறத்தில் நுரை வளையம்! கொஞ்சம் எடுத்து அளந்தேன், 1.022. சர்க்கரையில் பாதிக்கு மேல் தின்று தீர்த்திருந்தது. மூடி சரியாக இறுகாததால் வாயு ஓரத்துச் சந்து வழியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பார்த்துப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

11ஆம் நாள் 1.011. 13ஆம் நாளும் அதே. நாளை பாட்டிலில் அடைக்கிறேன். உங்கள் முதல் தடவை எப்படிப் போனது?

* * *

எனக்கு நேர்மாறு. ஏர்லாக் இரண்டு நாள் ஓயாமல் குமிழி விட்டது. ஐந்தாம் நாள் நின்றது. வேலை முடிந்தது என்று நம்பி, ஹைட்ரோமீட்டரைத் தொடாமலே பாட்டிலில் அடைத்தேன். அந்த வாரம் குளிர் அதிகம். ஈஸ்ட் சர்க்கரையை மீதி வைத்துவிட்டுக் கீழே படுத்திருக்கிறது, அவ்வளவுதான். பாட்டிலுக்குள் அறைச் சூட்டில் மறுபடி எழுந்துகொண்டது. போதாததற்கு, வாயு ஏறுவதற்காக நான் போட்ட சர்க்கரை வேறு. லிட்டருக்கு 6, 7 கிராம் போதும். நான் எடை பார்க்காமல் ஸ்பூன் கணக்கில் போட்டேன்.

பத்தாம் நாள் நள்ளிரவில் அலமாரிக்குள் வெடிச் சத்தம். ஒன்று வெடித்து, அதன் சில்லு பட்டு இன்னும் இரண்டு. அந்நேரம் யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. மிச்சத்தைக் கனமான துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, ஒவ்வொன்றாகக் காற்றை விட்டேன். பாதி பீர் சுவரில்.

நீங்கள் இரண்டு நாள் இடைவெளி விட்டு அளந்தது சரி. எண் அசையாமல் நின்றால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

* * *

நான் குமிழியை ரசிக்கவென்றே கண்ணாடி ஜாடி வாங்கினேன். ஜன்னலோரம் வெயிலில் வைத்து, நுரை ஏறி இறங்குவதைப் பார்ப்பதே பொழுதுபோக்கு. குடிக்கும்போது நாற்றம் தாங்கவில்லை. ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்துவிடுமாம். பீர் பாட்டில் பழுப்பாக இருப்பது ஏனென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழகுக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்!

இன்னொன்று. வீட்டில் காய்ச்சுவதைச் சில இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது, சில இடங்களில் இல்லை. பாத்திரம் வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

* * *

எனக்குப் பிளீச். வாளியைப் பிளீச்சில் கழுவி, சரியாக அலசவில்லை. குளோரின் மால்ட்டோடு சேர்ந்து மருந்துக் கட்டுத் துணி வாசம். மூன்று மாதம் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. கீழே ஊற்றினேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். அடைத்து ஒரு வாரத்தில் பொறுக்காமல் ஒன்றைத் திறந்தேன். நுரை சொற்பம், இனிப்பு தங்கியிருந்தது, பச்சை ஆப்பிள் வாசம் ஒன்று. மூன்றாம் வாரம் திறந்ததில் அந்த வாசம் போய், நுரை இரண்டு விரல் உயரம் நின்றது. கணக்குப்படி மது 4.9 சதவீதம். மணம் குறைவுதான், கடைசி ஐந்து நிமிட ஹாப்ஸை மறந்த பலன். 13 பாட்டிலில் இரண்டு மீதி.

அடுத்தது நேற்று காய்ச்சினேன். ஹாப்ஸை மூன்று தவணையாகப் போட்டேன், பொங்கவில்லை. மூடியை மட்டும் மாற்றவில்லை. இன்று காலையும் குமிழி இல்லை. போய் நன்றாகத் தூங்கினேன்.