காசு கேட்டு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை, எங்கே பிழை?

பெட்டிக்காரன் எழுதியது:

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிற சின்ன வேலைத்தலம் நடத்துகிறேன். போன வருடம்தான் கம்பனியாகப் பதிந்தேன். தெகிவளைப் பக்கம் ஒரு கம்பனிக்கு பெப்ரவரி 12, மார்ச் 4, மார்ச் 27 என்று மூன்று தடவை பெட்டி இறக்கினோம். 142,500, 96,000, 146,500, மொத்தம் 385,000 ரூபாய். 30 நாள் கடன் என்று வாய்ப்பேச்சு. இப்போது ஜூலை வந்துவிட்டது. ஃபோன் எடுத்தால் கணக்காளர் மீட்டிங்கில் இருக்கிறார், எப்போது எடுத்தாலும் மீட்டிங்தான்.

மூன்று கடிதம் போட்டேன். கடைசிக் கடிதம் ஆங்கிலத்தில், அதன் கருத்தைத் தமிழில் தருகிறேன்:

"மதிப்புக்குரிய ஐயா/அம்மணி, தாங்களும் தங்கள் நிறுவனமும் நலமாக இருக்க வேண்டுகிறோம். எமது நிறுவனம் தரமான பெட்டிகளை உரிய நேரத்தில் வழங்கி வருவதைத் தாங்கள் அறிவீர்கள். இன்றைய பொருளாதார நிலையில் எம்மைப் போன்ற சிறிய நிறுவனங்கள் படும் சிரமத்தையும் உணர்வீர்கள். ஆகவே நிலுவையிலுள்ள கொடுப்பனவுகள் தொடர்பில் தங்கள் மேலான கவனத்தைச் செலுத்தி ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

மேலே 'வித்தவுட் பிரெஜுடிஸ்' (உரிமைக்குப் பாதகமின்றி) என்றும் போட்டேன், பெரிய கம்பனிகளின் கடிதங்களில் பார்த்திருக்கிறேன். இன்னும் கடுமையாக எழுத வேண்டுமா? மனைவி லோயரைக் கொண்டு எழுதச் சொல்கிறாள். எனக்கு அந்த வாடிக்கையை இழக்கவும் விருப்பமில்லை.

கோட்டை_ஸ்டெனோ எழுதியது:

தம்பி, கடுமை போதாமல் பதில் வராமல் இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், எவ்வளவு காசு என்று எங்கேயும் இல்லை! எந்த இன்வொய்ஸ் (பில்), எந்தத் திகதி, எப்போதைக்குள் வேண்டும், ஒன்றும் இல்லை. இங்கே எங்களுக்கு எழுதியதில் முதல் பத்தியிலேயே எல்லாம் இருக்கிறது, அவர்களுக்கு எழுதியதில்தான் இல்லை. அதுதான் வேடிக்கை.

நான் கோட்டையில் ஒரு கந்தோரில் இருபத்தேழு வருடம் சுருக்கெழுத்து எழுதினேன். என் முதல் துரை கடிதம் சொல்ல ஆரம்பிக்கும்போது, "இந்த ஆள் என்ன செய்ய வேண்டும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அதற்குப் பதில்தான் முதல் வசனம். சுகம் விசாரிப்பது வீட்டுக் கடிதத்துக்கு. "ஆவன செய்யுங்கள்" என்பதை அந்தக் காலத்திலேயே அடித்து வெட்டுவார், ஆங்கிலத்தில் 'டூ த நீட்ஃபுல்' என்று எழுதினாலும் அதே கதிதான், ஏனென்றால் என்ன ஆவன என்று வாசிக்கிறவன் யோசிக்கத் தொடங்கினால் கடிதம் தட்டில் போய்விடும்.

இப்படித் தொடங்குங்கள்: "கீழ்க்காணும் மூன்று இன்வொய்ஸ்களுக்கான 385,000 ரூபாயை ஜூலை 25ஆம் திகதிக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்." அதன் கீழே இன்வொய்ஸ் இலக்கம், திகதி, தொகை, கட்ட வேண்டியிருந்த நாள். மார்ச் 14, ஏப்ரல் 3, ஏப்ரல் 26 என்று நாளைக் கண்ணுக்கு முன் வைத்தால் போதும், "மிகவும் தாமதம்" என்று அழ வேண்டியதில்லை. பிறகு வங்கிக் கணக்கு விபரம். தொகையில் கருத்து வேறுபாடு இருந்தால் யாருக்குச் சொல்வது என்று ஒரு வரி. முடிந்தது, ஒரு பக்கம் தாண்டாது.

'ஐயா/அம்மணி' என்று போடாதீர்கள். ஃபோனில் கணக்காளரின் பெயரைக் கேளுங்கள், எழுத்துக்கூட்டியும் கேளுங்கள். ஆங்கிலத்தில் பெயர் போட்டு அழைத்தால் முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி', பெயரில்லாமல் 'டியர் சேர்' என்றால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. இதை மாற்றிப் போட்டால் ஒருவரும் காசைப் பிடித்து வைக்கப் போவதில்லை, ஆனால் பழைய ஆட்களின் கண்ணில் குத்தும். என் கண்ணில் குத்தும்.

வெள்ளவத்தைக்காரி எழுதியது:

நான் அந்த மேசைக்கு மற்றப் பக்கம் இருக்கிறேன், சப்ளையர்களுக்குக் காசு அனுப்புகிற பகுதி. ஸ்டெனோ ஐயா சொன்னது சரி, ஆனால் ஒன்று விட்டுவிட்டார். எங்களிடம் இன்வொய்ஸ் வந்தால் பேர்ச்சஸ் ஓடரோடும் (சாமான் கேட்டு நாங்கள் கொடுத்த தாள்) டெலிவரி நோட்டோடும் (சாமான் இறக்கியதற்கான சீட்டு) ஒப்பிட்டுப் பார்ப்போம், மூன்றும் ஒத்து வந்தால்தான் செக் எழுதுவோம். ஓடர் இலக்கம் இல்லாத இன்வொய்ஸ் ஒரு ஃபைலில் கிடக்கும். யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை, யாருடைய வேலையும் இல்லை என்பதால் கிடக்கும். ஆகவே அண்ணா, ஓடர் இலக்கம், உங்கள் இன்வொய்ஸ் இலக்கம் இரண்டையும் போட்டு, அவர்களுடைய ஸ்டோர் ஆள் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டின் பிரதியையும் இணையுங்கள். அதைத் தேடுகிற வேலையை அவர்களுக்கு வைக்காதீர்கள்.

பொருளாதார நிலை பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள். எல்லாக் கடிதத்திலும் அது இருக்கிறது, நாங்கள் தாண்டித்தான் வாசிப்போம்.

மொழி பற்றி: அரச அலுவலகம் என்றால் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே பதில் கேட்க அரசியலமைப்பில் உரிமை உண்டு. தனியார் கம்பனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கணக்காளர் எந்த மொழியில் கெதியாக வாசிப்பாரோ அதில் எழுதுங்கள். கொழும்பில் பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டு பேரும் நல்லாகச் சொன்னீர்கள், ஆனால் ஆபத்தான இடத்தை ஒருவரும் தொடவில்லை. பிரிஸ்கிரிப்ஷன் ஓர்டினன்ஸ் என்று, எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று எல்லை வைக்கிற 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் வழக்குப் போட 6 வருடம். விற்று இறக்கிய சாமானுக்கான கடைக் கடன் என்றால் காசு கட்ட வேண்டிய நாளிலிருந்து 1 வருடம்தான். வாய்ப்பேச்சு என்கிறீர்கள், அப்படியென்றால் உங்கள் முதல் பில்லுக்கு அடுத்த மார்ச் நடுப்பகுதி வரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடிதம் போட்டுக்கொண்டே இருப்பதால் அந்தக் காலம் நிற்காது. அவர்கள் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் கதை வேறு. அதனால் கடிதத்தோடு மீதியை உறுதிப்படுத்துகிற ஒரு தாளையும் வையுங்கள், தொகையை நிரப்பி, கையெழுத்துக்கும் கம்பனி முத்திரைக்கும் இடம் விட்டு. கணக்காளர்களுக்கு இது பழக்கமான தாள், கோபப்பட மாட்டார்கள்.

'வித்தவுட் பிரெஜுடிஸ்' ஏன் போட்டீர்கள்? அது சமரசம் பேசும்போது போடுகிறது. அப்படி எழுதிய கடிதத்தைப் பிறகு நீதிமன்றத்தில் காட்டுவது கஷ்டம். காசு கேட்ட கடிதத்தைத்தானே நாளைக்குக் காட்ட வேண்டி வரும்!

லெட்டர்ஹெட்டையும் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி கம்பனியின் பெயரும் பதிவு இலக்கமும் வணிகக் கடிதத்தில் இருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தை ஈமெயிலிலும் போடுங்கள், 2006இன் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு ஈமெயிலையும் சும்மா தள்ளிவிட முடியாது. லோயர் கடிதம் இதற்குப் பிறகு, ஆனால் ஜனவரி வரை இழுக்க வேண்டாம், அதற்கு முன்பே ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

கோட்டை_ஸ்டெனோ எழுதியது:

1 வருடக் கதை எனக்கும் புதிது. எங்கள் கந்தோரில் அதெல்லாம் லீகல் பகுதி, எனக்குத் தட்டச்சு மட்டும்.

பெட்டிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். லெட்டர்ஹெட்டில் பதிவு இலக்கம் உண்மையிலேயே இல்லை, அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன், இப்போதைக்குத் தட்டச்சில் அடித்துவிட்டேன். ஆறாம் நாள் கணக்காளரே ஃபோன் எடுத்தார். நான் யாரோ பெரிய வில்லன் என்று நினைத்திருந்தேன், மனிதர் மெதுவாகத்தான் கதைத்தார். இரண்டு இன்வொய்ஸில் ஓடர் இலக்கமே இல்லையாம், வெள்ளவத்தை அக்கா சொன்ன அதே ஃபைல்! முதலாவதுக்கு 142,500 வங்கியில் விழுந்துவிட்டது. மற்ற இரண்டையும் ஓடர் இலக்கத்தோடு திருப்பி அனுப்பச் சொன்னார். மீதித் தாள் இன்னும் வரவில்லை. இப்போது நன்றி சொல்லி ஒரு கடிதம் போட வேண்டுமா, இல்லை ஃபோனில் சொன்னால் போதுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

போடுங்கள். "142,500 ரூபாய் கிடைத்தது, நன்றி, மீதி 242,500" என்று இரண்டு வரி, திருத்திய இன்வொய்ஸ்களும் அந்த மீதித் தாளும் அதே உறையில். தாளில் தொகையை மாற்ற மறக்க வேண்டாம்.